மேளம் செய்த குற்றம் என்ன?

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் நமது கட்டுரை வெளியாகவில்லை. காரணம் கேட்டுச் சில தோழர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். உடம்புக்கு ஏதேனும் அசௌகரியமா என்று சிலர் விசாரித்திருக்கிறார்கள். ஒரு தோழர், சர்க்கார் ஏதேனும் வழக்குத் தொடர்ந்துவிட்டதோ என்றுகூடக் கவலைப்பட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய யோக்கியதை ஒன்றும் நமது எழுத்துக்கு வந்துவிடவில்லை. உண்மைக் காரணம் என்னவெனில், எழுத வேண்டிய இரவில் நாம் மம்சாபுரத்தில் ஒரு களத்துமேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்து மேளம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதேயாகும்.

இதைக் கேட்டதும் ஒரு தோழர் நேரிலேயே வந்து சண்டை பிடித்துவிட்டார். “ஊரெல்லாம் மூடநம்பிக்கை நெளிந்துகொண்டு கிடக்கிறது. எழுத வேண்டியவர் எழுதாமல் பீப்பி டும்டும் கேட்கப் போனால் பத்திரிகை எதற்கு? அதுவும் மேளம் என்பது கோயில் சமாசாரந்தானே?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோபத்தோடு கேட்டதாலேயே அது நியாயமற்றதாகிவிடாது. ஆகவே அவருக்குச் சொன்ன சமாதானத்தையும், அவருக்குச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்ட ஒரு சங்கதியையும் சேர்த்து இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஓய்வைப்பற்றி. எழுத்து வேலை என்பது ஏதோ விசிறிக்கடியில் உட்கார்ந்து செய்யும் சுகமான வேலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாரம் தவறாமல் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. அவன் எதைப் பார்த்தாலும் கட்டுரையாகவே பார்ப்பான். குழந்தைக்கு ஜுரம் என்றால் மந்திரித்த கயிற்றைப்பற்றி எழுதலாமா என்று நினைப்பான். எழவு வீட்டுக்குப் போனால் கருமாதிச் செலவைக் கணக்குப் போடுவான். சொல்லச் சொல்ல அவன் சொற்கள் அவனுக்கே புளித்துப் போகும். மாடு மிதித்த களத்தில் தானியம் உதிரும். எழுதித் தேய்ந்த மூளையில் சக்கைதான் உதிரும். இந்த நிலையில் இருந்தபோதுதான் மம்சாபுரத்துத் தோழர் ஒருவர் தம் மகன் திருமணத்திற்கு நம்மைப் பேச அழைத்தார். அழைப்பிதழில், புரோகிதர் இல்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை என்று போட்டிருந்ததோடு, “முதல் நாள் இரவு நாதசுர இசை” என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அந்த வரியைப் பார்த்ததும் நமக்கு உள்ளே ஒரு முள் தைத்தது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

மம்சாபுரம் என்பது இராசபாளையத்துக்கும் சீவில்லிபுத்தூருக்கும் நடுவில், பெரிய சாலையைவிட்டு மலைப்பக்கமாக ஒதுங்கியிருக்கும் ஊர். மேற்கே நிமிர்ந்தால் மலை. அந்த மலைக்கு அப்புறம் மலையாள நாட்டில் ஆனி ஆடி மாதங்களில் பேய்மழை கொட்டும்போது, இப்புறத்துக்குக் காற்று மட்டுந்தான் வரும். நமது பக்கத்துக்கு மழை என்பது ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்திருக்க வேண்டியதுதான். இங்கிருந்து கிழக்கே கரிசல் காட்டில் எட்டயபுரம் இருக்கிறது. 1835-ல் அங்கே காலமான முத்துசாமி தீட்சிதர், வழியில் வறட்சியைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகம் பாட, உடனே மழை பெய்தது என்று இன்றைக்கும் கச்சேரி மேடைகளில் சொல்லுகிறார்கள். அவர் பெரிய சங்கீதக்காரர் என்பதில் நமக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அந்த ராகம் இப்போதும் இருக்கிறது, பாடுகிறவர்களும் இருக்கிறார்கள், எட்டயபுரத்துக் கரிசலும் இருக்கிறது. கண்மாய் வெட்டுவதற்கும் மராமத்துச் செய்வதற்கும் ஆகும் செலவுக்கு ஒரு பாடகருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்துவிடலாமே, ஏன் ஒரு சர்க்காரும் செய்யவில்லை? நிற்க.

நகரத்துச் சபாக்களுக்கு மார்கழிதான் சங்கீத காலம். கிராமத்துக்கோ பங்குனி முதல் ஆடி வரைக்கும் உள்ள கோடைதான் சங்கீத காலம். இதற்குத் தெய்வீகக் காரணம் ஒன்றும் கிடையாது. அறுப்பு முடிந்து கையில் நாலு காசு இருக்கும்; களம் காலியாகக் கிடக்கும்; மழை பயம் இல்லை; வீட்டுக்குள் படுத்தால் புழுக்கத்தில் தூக்கம் வராது. தூங்க முடியாத மனிதன் பாட்டாவது கேட்போம் என்று வெளியே வருகிறான். அப்படித்தான் அன்றும் வந்தார்கள். தென்னந்தோப்பை ஒட்டிய களம். மில்லில் ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சு ஒட்டியபடியே சைக்கிளில் வந்த பிள்ளைகள், மாந்தோப்புக் காவல்காரர்கள், பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பாட்டிமார் என்று சுமார் இருநூறு பேர் இருக்கலாம். ஒலிபெருக்கி வைக்கவில்லை. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டில் வந்த விதி ஒன்று இருப்பது ஒரு காரணம். நாதசுரத்துக்கு ஒலிபெருக்கி வைப்பது கடலுக்கு உப்புப் போடுவது போலாகும் என்று அந்தத் தோழர் சொன்னது மற்றொரு காரணம்.

நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. ஒத்து ஊதுகிற ஆள் இல்லை. அந்த இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. ஒத்து ஊதும் உத்தியோகம் மேளத்தில் போய்விட்டதே தவிர, அரசியலில் அதற்கு ஆள் பஞ்சம் வந்ததாகத் தெரியவில்லை. செட்டுக்குத் தலைவர் அறுபது வயதைத் தாண்டியவர். சீவாளியை உதட்டில் வைத்து நனைத்து, இரண்டு முறை ஊதிப் பார்த்து, சரியில்லை என்று மாற்றி, மறுபடியும் நனைத்தார். பிறகு தோடியை எடுத்தார்.

நமக்குச் சங்கீத சாத்திரம் தெரியாது. பள்ளிக்கூடமே ஐந்தாறு வருஷம்தான் போனோம். மற்றதெல்லாம் வாசகசாலையில் கற்றது. அதனால் அன்று வாசித்ததற்கு இலக்கணம் சொல்ல வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதைச் சொல்லுகிறோம். அந்தப் பெரியவரின் கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கன்னம் உப்பியபடியே மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு, நாதம் அறாமல் ஊதினார். தவில்காரப் பையனுக்கு இருபது வயது இருக்கலாம். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கம்பு பிடித்து வாசித்தான். தனி முடிந்ததும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். கூட்டுக்குள்ளே விரல் கன்றிப் போயிருந்தது. பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், “எல்லாம் ஆண்டவன் கொடுத்த ஞானம்” என்றார். நாம் வாயைத் திறக்கவில்லை. அன்று பிரசாரத்துக்கு விடுமுறை என்று தீர்மானித்திருந்தோம். ஆனால் அந்தப் பையனே, “இல்லீங்கய்யா, எங்கப்பா கொடுத்த அடி” என்றான். களம் சிரித்தது.

அந்தப் பையன் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. விடியற்காலை எழுந்து பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் சாதகம் செய்து ஒருவன் சம்பாதித்த வித்தையைக் கடவுளின் அருள் என்று சொல்லிவிட்டால், அவனுக்குக் கொடுக்க வேண்டிய கூலியைக் குறைப்பதற்குச் சௌகரியமாக இருக்கிறது. கருவிக்கும் அப்படியேதான். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்கிறார்கள். ஈரம் வற்றிய பழைய மரமாக, பழைய வீட்டு உத்தரம் முதலியவைகளாகத் தேடி வாங்குகிறார்கள். அந்த நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலுக்குப் பலாமரம். மரம், தோல், நாணல், மூச்சு, விரல் என்ற இவைகளிலிருந்துதான் அந்த நாதம் வருகிறது. இதில் ஆச்சரியப்பட வேண்டியது மனிதனுடைய கெட்டிக்காரத்தனத்தைத் தவிர வேறென்ன?

இனி முள் தைத்த சங்கதிக்கு வருவோம். பதினைந்து வருஷத்துக்கு முன் நடந்தது. அப்போது நமக்கு முப்பது வயது; நாக்கில் வேகம் அதிகம், நிதானம் குறைவு. வேறொரு ஊரில் ஒரு சுயமரியாதைத் திருமணம். பேசுவதற்குப் போனோம். பந்தலில் மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “மந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மங்கள வாத்தியம் எதற்கு? இது பாதி வைதீகம்” என்று கண்டித்தோம். அவர் பயந்துபோய் மேளத்தை நிறுத்திவிட்டார். முன்பணம் கொடுத்ததோடு சரி, பாக்கி கொடுக்கவில்லை. செட்டுக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு நம்மிடம் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை; அதை இப்போதும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். “அய்யா, மந்திரம் சொல்றவரை நிறுத்துனீங்க, சரி. அவர் எங்களைத் தொட மாட்டாரு. எங்களை எதுக்கு நிறுத்துனீங்க?” என்று கேட்டார். நாம் ஏதோ பதில் சொன்னோம். என்ன சொன்னோம் என்பது ஞாபகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடிய பதிலாக அது இருந்திருக்காது.

அன்று நமக்கு நமது இயக்கத்தின் சரித்திரமே தெரியாமலிருந்தது என்பதைப் பிற்பாடு படித்தபோது உணர்ந்து வெட்கப்பட்டோம். 1930 மே மாதத்தில் ஈரோட்டில் இரண்டாவது சுயமரியாதை மாநாடு கூடியபோது, வாலிபர் மாநாடு, பெண்கள் மாநாடு, மதுவிலக்கு மாநாடு ஆகியவைகளோடு சங்கீத மாநாடு ஒன்றும் நடத்தினார்கள். அதுவும் ஒரு கோடைதான். சங்கீதம் வைதீகம் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதற்கென்று ஒரு மாநாடு எதற்கு? அந்தக் காலத்தை ஒட்டியே செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து என்ற நாதசுர வித்துவான் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசித்து வந்தார். வியர்வை துடைக்கக் கிடந்த துண்டு அது. பெரிய மனிதர்கள் முன்னால் மேளக்காரன் தோளில் துண்டா என்று சிலர் அதை எடுக்கச் சொன்னார்கள். உடனிருந்த பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லித் தகராறுக்கு நின்றார். பெரியாரும் அழகிரி பக்கமே நின்றார். அழகிரி மேளத்தை நிறுத்தவில்லை. துண்டு இருந்த இடத்திலேயே இருக்கும்படி செய்தார். நாமோ, துண்டையும் மேளத்தையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டோம்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்துக்கொண்டு, வாய்ப்பாட்டுக்காரரைப்போல் மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதம் செய்ததைச் சிலர் தலைக்கனம் என்றார்கள். சாமிக்கு முன்னாலும் மாப்பிள்ளைக்கு முன்னாலும் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டும் நடந்துகொண்டும் ஊதிய கூட்டத்தில் பிறந்த ஒருவன், உட்காருவேன் என்று சொன்னால் அது தலைக்கனமா? 1947 ஆகஸ்டில் டெல்லியில் சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு அவர் நாதசுரந்தான் வேண்டியிருந்தது. அவரிடம் கற்ற காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நமது பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1962-ல் வந்த “கொஞ்சும் சலங்கை” படத்தில் அவர் வாசித்ததைக் கேட்காத தமிழன் குறைவு. இதில் ஒரு வேடிக்கையைப் பார்க்க வேண்டும். வாசிப்பது காதுக்கு வேண்டியிருக்கிறது. வாசிக்கிறவன் கண்ணுக்கு முன்னால் சமமாக உட்காருவது மட்டும் வேண்டியிருப்பதில்லை.

இந்த அவமானத்துக்கு நமது மாவட்டத்திலேயே இன்னொரு பெரிய சாட்சி உண்டு. சிவகாசியில் 1886-ல் பிறந்த விசுவநாத தாஸ். நாவிதர் என்று சொல்லப்பட்ட மருத்துவர் சமூகத்தவர். அவர் வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து பாடினால் ஊரே திரளும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டை அவர் பாடும்போது, வெள்ளைக் கொக்கு என்றால் யார் என்று ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும். பலமுறை ஜெயிலுக்குப் போனார். இப்படிப்பட்டவரோடு சேர்ந்து நடிக்க, சாதியைக் காரணம் காட்டி உடன் நடிகர்களே மறுத்தார்கள். நாடகத்தில் அவர் சுப்பிரமணியசுவாமி. திரைக்குப் பின்னால் அம்பட்டன். சாமி வேஷம் போட்டாலும் தீட்டுப் போகாதென்றால், அந்தச் சாமிக்கு என்ன சக்தி இருக்கிறது என்று ஒருவராவது யோசித்தார்களா? கே.பி. ஜானகியம்மாள்தான் அவரோடு நடிக்கத் தாமே முன்வந்தார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையில் இருக்கும்போதே தாசின் உயிர் போயிற்று.

மம்சாபுரத்தில் மேளம் நின்றபிறகு, ஒரு பழைய நாடகக்காரர் ஆர்மோனியத்தை எடுத்துவைத்துக்கொண்டு தாஸ் காலத்து நாடகப் பாட்டுக்கள் சிலவற்றைப் பாடினார். இந்த ஆர்மோனியமும் தீண்டாமைக்குத் தப்பவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அகில இந்திய வானொலி அதை 1940-ல் தடை செய்து 1971 வரையில் உள்ளே விடாமல் வைத்திருந்தது. சுரத்தை வளைக்க வராது என்பது காரணம். வளையாததுதான் குற்றம் என்றால் நம்மையும் எந்த வானொலியும் உள்ளே விடாது.

“அந்தப் பாட்டெல்லாம் முருகனும் வள்ளியுந்தானே, அதை நீர் எப்படிக் கேட்டீர்?” என்று சண்டை பிடித்த தோழர் குறுக்கே கேட்டார். கேட்டதைக் கேட்டபடியே சொல்லுகிறோம். வள்ளி திருமண நாடகத்தில் ஜனங்கள் விடியவிடிய உட்கார்ந்து கேட்பது எதை? வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை. ஒரு குறத்தி, வீணை தூக்கிக்கொண்டு வந்த முனிவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாள். அவர் மடக்க, இவள் திருப்பி மடக்க, கூட்டம் கொட்டாவிகூட விடுவதில்லை. நாமும் தர்க்கந்தான் செய்கிறோம். முக்கால் மணி நேரம் போனதும் பின்வரிசை எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிறது. சங்கரதாஸ் சுவாமிகளிடம் நமது பிரசாரகர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இல்லையென்று யார் சொல்ல முடியும்? முருகனை நாம் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளியின் வாயை ஒத்துக்கொள்ளுகிறோம். கதை பொய் என்பதற்காகத் தொண்டையும் பொய்யாகிவிடாது. அதற்காக ஆபாசப் புராணத்தை எல்லாம் இசையின் பேரால் உள்ளே விட்டுவிடலாம் என்பதும் நமது அபிப்பிராயமல்ல. 1941-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடி, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் ஏற்பட்டது. புரியாத பாஷையை விலக்கி அறிந்த பாஷையைக் கொண்டுவந்தார்கள். அறிந்த பாஷையில் அறிவுள்ள விஷயத்தைக் கொண்டுவருவது பாக்கி நிற்கிறது. அதைச் செய்யாமல் மேளத்தை வெளியே அனுப்புவது, பாயில் மூட்டைப்பூச்சி என்று வீட்டைக் கொளுத்துவதாகும்.

பாட்டு முடிந்து, சுக்குக்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது நாம் செட்டுக்காரப் பெரியவரிடம் போய், பதினைந்து வருஷத்துக்கு முந்தைய நமது காரியத்தைச் சொன்னோம். அந்த மனிதர் இவரல்ல. இவருக்குச் சொல்லி என்ன பிரயோசனம் என்றும் தோன்றியது. ஆனாலும் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. “உங்க ஆளுக மட்டுமா நிறுத்துனாக? கோயில்லயே நிறுத்திட்டாகளே தம்பி” என்றார்.

விஷயம் என்னவென்றால், இப்போது பல கோயில்களில் மோட்டார் வைத்த ஒரு யந்திரம் இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் முரசும் மணியும் சேங்கண்டியும் தாமே அடித்துக்கொள்ளும். பூசை நேரத்துக்கு மேளக்காரர் வேண்டியதில்லை. கலியாண மண்டபங்களிலோ, தாலி கட்டுகிற சமயத்துக்கு ஒரு பையன் கைப்பேசியை ஒலிபெருக்கியில் செருகிக் கெட்டிமேளத்தைப் போட்டுவிடுகிறான். “யந்திரத்துக்குத் துண்டு கேட்காது, பந்தி கேட்காது” என்றார் பெரியவர். மந்திரம் சொல்லுகிற வேலைக்கு மட்டும் இன்னும் எந்தக் கோயிலிலும் மோட்டார் வைத்ததாகத் தெரியவில்லை. நாள் தவறாமல் ஒரே மந்திரத்தைச் சொல்லுவதற்கு யந்திரத்தைவிடப் பொருத்தமானது எது? ஆனால் யந்திரம் வரும்போதெல்லாம் அது முதலில் யாருடைய வயிற்றில் வந்து உட்காருகிறது என்று பார்த்தால், சாதிக் கணக்குப்படியே உட்காருகிறது.

அவருடைய பேரன்தான் அந்தத் தவில்காரப் பையன். இராசபாளையத்தில் மில் வேலை கிடைப்பதாக இருக்கிறதாம். போகலாமா என்று நம்மிடம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற நாம் அங்கே திணறிப் போனோம். போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? குலத்தொழிலை விடாதே என்று சொல்லுகிறவர்களோடு இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றவர்கள் நாம். போ என்று சொல்லவும் அந்த இரவுக்குப் பிறகு வாய் வரவில்லை. கடைசியில், “உனக்கு எது பிடித்திருக்கிறது?” என்று கேட்டோம். “அதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லீங்க” என்றான். மறுநாள் பேச வேண்டிய திருமணச் சொற்பொழிவைக் கால் மணியில் முடித்துக்கொண்டு மேளத்துக்கு நேரம் விட்டோம். பந்தியில் முதல் வரிசையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் செட்டுக்காரர்களை உட்கார வைத்திருந்தார் அந்தத் தோழர். நமது தோழர்கள் வீடுகளிலேயே மேளக்காரருக்குக் கடைசிப் பந்தியில் பின்கட்டில் இலை போட்டதை நாம் பார்த்ததுண்டு. கண்டும் காணாமல் வந்ததும் உண்டு.

அடுத்த வாரம் முதல் வழக்கம்போல் எழுதுவோம். இந்த வைகாசி, ஆனியில் நம்மைத் திருமணங்களுக்கு அழைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மம்சாபுரத்தில் வாசித்த செட்டுக்காரரின் விலாசம் நம்மிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் எழுதினால் அனுப்பி வைக்கிறோம். எழுதும்போது, பேசிய தொகையில் பாதியை முன்பணமாக அனுப்புவதாகவும், முதல் பந்தியில் இலை போடுவதாகவும் அதே கடிதத்தில் குறிப்பிட்டுவிட வேண்டும்.